ஐந்தாம் மாதம், நான்கு ராத்திரி, ஒரு கார்: வெளிநாடு போகலாமா?

கொலுசுக்காரி (சேலம்)

எல்லோருக்கும் வணக்கம். செவ்வாய்ப்பேட்டையில் வீட்டோடு வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். எனக்கு இப்போது 17 வாரம், முதல் குழந்தை. வாந்தி போன மாதத்தோடு நின்றுவிட்டது. இப்போது பசிதான் ஆளைக் கொல்கிறது.

தை முகூர்த்த ஆர்டர்களை அனுப்பி முடித்தால் பிப்ரவரி கடைசியில் ஐந்து நாள் கிடைக்கும். அப்போது 22 வாரம் ஓடும். கல்யாணமாகி மூன்று வருடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து போன பெரிய பயணம் பழனி. குழந்தை பிறந்த பிறகு எப்போது முடியும் என்று தெரியாது, அதனால் இப்போதே ஒரு வெளிநாடு பார்த்துவிடலாம் என்று ஆசை.

வீட்டுக்காரர் உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டார். கோலாலம்பூர், கெந்திங், கேமரன் மலை, பினாங்கு, திரும்பி வந்து சிங்கப்பூர். ஐந்து நாளுக்குள் நான்கு ஹோட்டல். காகிதத்தில் படித்தபோதே எனக்குக் கால் வீங்கிவிட்டது. எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: ஒரு கார், இரண்டு ஊர், கடல் தெரிகிற ஜன்னல், மத்தியானத் தூக்கம்.

மலேசியாவா, இலங்கையா? காரில் போவது சரியா? டாக்டரம்மா "ஐந்தாம் மாத ஸ்கேன் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்கிறார். மாமியார் "வயிற்றுப்பிள்ளைக்காரி கடல் தாண்டக் கூடாது" என்கிறார். போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


தட்டுவடை_செட் (சேலம்)

ஏற்காடு போய்விட்டு வாங்க. ஒரு மணி நேரத்தில் குளிர், ஒரு ரூபாய் டிக்கெட் செலவில்லை.


கொலுசுக்காரி

அண்ணா, ஏற்காட்டை ஜன்னலைத் திறந்தாலே பார்க்கிறேன். எனக்குக் கடல் வேண்டும்.


ஓய்வுபெற்ற_நர்ஸ் (ஓமலூர்)

கண்ணு, 31 வருடம் பிரசவ வார்டில் இருந்தவள் சொல்கிறேன். ஊரை அப்புறம் பார்ப்போம், முதலில் உன் ஃபைலைப் பார்ப்போம்.

14 வாரத்திலிருந்து 28 வாரம் வரைதான் பயணத்துக்கு நல்ல காலம் என்று டாக்டர்கள் சொல்வது. மசக்கை அடங்கியிருக்கும், வயிறு இன்னும் பாரமாகியிருக்காது. 22 என்பது நடு மத்தி. ஆனால் அந்தக் கணக்கு சிக்கல் இல்லாத கர்ப்பத்துக்குத்தான். ஸ்கேனில் நஞ்சு (நஞ்சுக்கொடி) கீழே இறங்கி இருக்கிறது என்றாலோ, கர்ப்பப்பை வாய் சுருங்கித் தையல் போட்டிருந்தாலோ, இடையில் ரத்தக்கசிவு இருந்திருந்தாலோ, பிரஷர் ஏறியிருந்தாலோ, பயணத்தை மறந்துவிடு. இரட்டைக் குழந்தை என்றாலும் டாக்டர் வாயால் சரி என்று வரவேண்டும். எச்பி, அதாவது ரத்தத்தில் ஹீமோகுளோபின், எவ்வளவு? நம்ம பக்கத்துப் பெண்களுக்கு எட்டரை, ஒன்பது என்று நிற்கும். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைவு, அதனால் ரத்தசோகை இருப்பவர்களுக்கு மூச்சு வாங்கும். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காமல் ஒழுங்காகச் சாப்பிட்டால் தேறிவிடலாம்.

இன்னொன்று, உன் ரத்த வகை என்ன? நெகட்டிவ் என்றால் சொல். நம் ஆசியக்காரர்களில் நெகட்டிவ் குறைவு. போகிற ஊரில் அவசரத்துக்கு ரத்தம் கிடைப்பது கஷ்டம், கசிவு ஏற்பட்டால் ஆன்டி டி ஊசியும் நேரத்துக்குப் போட வேண்டும்.


கொலுசுக்காரி

ஓ பாசிட்டிவ் அம்மா. எச்பி 10.4. பிரஷர் சரியாக இருக்கிறது. ஸ்கேன் இன்னும் இரண்டு வாரத்தில்.


ஓய்வுபெற்ற_நர்ஸ்

அப்போ ஸ்கேன் முடியும் வரை ஒரு டிக்கெட்டும் போடாதே. போட்டாலும் பணம் திரும்பக் கிடைக்கிற டிக்கெட்டாகப் போடு.


குப்பனூர்_ஓட்டுநர் (சேலம்)

20 வருடமாக டாக்ஸி ஓட்டுகிறேன். பிரசவத்துக்கும் ஓட்டியிருக்கிறேன், அதை இன்னொரு நாள் சொல்கிறேன்.

எல்லோரும் கிலோமீட்டர் கேட்பார்கள். கர்ப்பிணியை ஏற்றினால் நான் கிலோமீட்டர் பார்ப்பதில்லை. அடுத்த சுத்தமான கழிப்பறை எத்தனை நிமிடத்தில் என்றுதான் பார்ப்பேன். சேலத்திலிருந்து திருச்சி விமான நிலையம் மூன்று மணி நேரம். நாமக்கல்லில் ஒரு நிறுத்தம், முசிறி பக்கம் ஒரு நிறுத்தம். பெங்களூர் என்றால் நாலு மணி நேரத்துக்கு மேல், ஓசூர் தாண்டி எங்கே நிற்குமோ தெரியாது. அதனால் திருச்சியில் ஏறுகிற மாதிரி ஊரைத் தேர்ந்தெடுங்கள். கொழும்பு ஒரு மணி நேரம், கோலாலம்பூர் நாலு மணி நேரம், இரண்டுக்கும் திருச்சியிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. புறப்படும் நேரத்தைப் பாருங்கள். விலை குறைவு என்று நடுராத்திரி விமானம் எடுத்தால் அடுத்த நாள் முழுக்கத் தூக்கத்தில் போகும்.

அப்புறம் தட்டுவடை செட் தம்பி சொன்னது விளையாட்டுக்கில்லை. முதலில் ஏற்காடு ஏறி இறங்குங்கள். 20 கொண்டை ஊசி வளைவு. உடம்பு என்ன சொல்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். கொல்லிமலைக்குப் போய்விடாதீர்கள், அங்கே 70.


கிள்ளான்_அக்கா (மலேசியா)

சேலத்துத் தங்கச்சிக்கு வாழ்த்துகள். என் ஆத்தா வழி ராசிபுரம், அதனால் பேசலாம்.

உன் வீட்டுக்காரர் போட்ட திட்டத்தைக் கிழித்துப் போடு. கேமரன் மலை கிட்டத்தட்ட உங்கள் ஏற்காடு உயரம்தான், தாப்பாவிலிருந்து ஏறும் பாதை அதைவிடச் சுற்றும். ஏற்காட்டுக்காரி ஏற்காட்டைப் பார்க்க விமானம் ஏறுவாளா? கெந்திங்கில் கர்ப்பிணிக்கு ஒன்றும் இல்லை, ராட்டினத்தில் ஏற முடியாது.

நான் சொல்வது போர்ட்டிக்சன், மலாக்கா. விமான நிலையம் சிப்பாங்கில் இருக்கிறது, கோலாலம்பூருக்குத் தெற்கே. காடி (எங்கள் பேச்சில் கார்) எடுத்ததும் நகரத்துக்குள் போகவே வேண்டாம். தெற்கே ஒரு மணி நேரத்தில் போர்ட்டிக்சன் கடற்கரை. இரண்டு ராத்திரி அங்கே. பிறகு கடலோரமாகவே லிங்கி, மஸ்ஜித் தானா வழியாக மலாக்கா, ஒன்றரை, இரண்டு மணி நேரம். இரண்டு ராத்திரி அங்கே. திரும்பும்போது நெடுஞ்சாலையில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் விமான நிலையம். மொத்தப் பயணமும் 300 கிலோமீட்டரைத் தொடாது.

நெடுஞ்சாலையில் இங்கே ஆர் அண்ட் ஆர் என்று ஓய்விடங்கள் உண்டு. கழிப்பறை, சாப்பாட்டுக் கடை, வெட்டிய பழம், நிழலில் பெஞ்சு. ஆயர் கெரோவில் சாலைக்கு மேலேயே பாலம் மாதிரி உணவகம் கட்டியிருக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை, இங்கே கழிப்பறைத் தரை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும், குழாயில் அடித்துக் கழுவிக்கொண்டே இருப்பார்கள். வழவழப்பான செருப்போடு வராதே. அடியில் பல் உள்ள செருப்பு ஒன்று வாங்கிக்கொள்.

இங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுவது, ஸ்டியரிங் வலப்பக்கம். உன் வீட்டுக்காரருக்குக் குழப்பம் வராது. சீனப் புத்தாண்டு வாரம் மட்டும் வேண்டாம், மலாக்காவில் நடக்க இடம் இருக்காது, ஹோட்டல் விலை இரண்டு மடங்கு.


அம்மாப்பேட்டை_தறி

தங்கச்சி, மாமியார் சொல்வதில் பாதிதான் சரி. எங்கள் தாத்தா சொல்லிக் கேட்டது: கர்ப்பிணிக்கு மட்டும் இல்லை, அவள் புருஷனுக்கும் தடை உண்டு. கடலில் முழுகக் கூடாது, மரம் வெட்டக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது, மலை ஏறக் கூடாது, முடி வெட்டக் கூடாது. அந்தக் கணக்கில் சேலத்து ஆண்கள் பத்து மாதம் ஏற்காடு பக்கமே போகக் கூடாது, சலூன்காரர்களும் பட்டினி.


கொலுசுக்காரி

இதை மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். "மலை ஏறக் கூடாதா? அப்போ அவன் போன வாரம் ஊத்துமலைக்கு எதுக்குப் போனான்?" என்று கேட்டு இப்போது கோபம் அவர் மேல் திரும்பியிருக்கிறது. நன்றி அண்ணா.


மேற்படி_கணவன் (சேலம்)

நானும் இங்கே உறுப்பினர் ஆகிவிட்டேன், எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.


பொன்னி_கரை (திருச்சி)

நான் ஆறாம் மாதத்தில் இலங்கை போய் வந்தேன். பெந்தோட்டையில் மூன்று ராத்திரி. கட்டுநாயக்காவில் இறங்கினால் விமான நிலையத்து விரைவுச் சாலை, அப்புறம் தெற்கு விரைவுச் சாலை, குலுங்கவே இல்லை. வெலிப்பன்னையில் ஓய்விடம் இருக்கிறது. ஆனால் அங்கே நம்ம லைசென்சை வைத்து நேராகக் காரை எடுக்க முடியாது, அந்த நாட்டு அனுமதி வாங்க வேண்டும். அதனால் பெரும்பாலும் டிரைவரோடுதான் கார் எடுப்பார்கள். எனக்கு அதுவே வசதியாக இருந்தது. வீட்டுக்காரரும் பின் சீட்டில் என்னோடு உட்கார்ந்து வந்தார்.

நான் பட்ட கஷ்டம் இன்சூரன்சில். ஒரு கம்பெனியில் பயணக் காப்பீடு எடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். அங்கே ஒரு ராத்திரி வயிறு இழுத்துப் பிடித்தது. மருத்துவமனையில் பார்த்தார்கள், நீர் குறைவு என்று இரண்டு பாட்டில் ஏற்றி அனுப்பினார்கள். ஊருக்கு வந்து பில்லை அனுப்பினால், "கர்ப்பம் சார்ந்த செலவு பாலிசியில் விலக்கு" என்று பதில். பதினான்காம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. பெரும்பாலான பயணப் பாலிசிகளில் அப்படித்தான். எத்தனை வாரம் வரை, எந்த மாதிரி சிக்கலுக்குத் தருவார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏஜென்ட் வாயால் சொல்வது காற்றோடு போகும்.


கொலுசுக்காரி

ஸ்கேன் முடிந்தது. நஞ்சு மேலே, நீர் அளவு சரி, குழந்தை நன்றாக இருக்கிறது. டாக்டரம்மா "போய்ட்டு வா, வெயிலில் அலையாதே" என்று சொல்லிவிட்டார்.

நேற்று ஏற்காடு சோதனை. ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறேன்.

காலை ஆறு ஐம்பதுக்குக் கிளம்பினோம். வெறும் வயிறு வேண்டாம் என்று இரண்டு இட்லி. அடிவாரம் வரை ஒன்றும் இல்லை. நான் பின் சீட்டில் உட்கார்ந்து, மலேசிய ஹோட்டல்களைப் போனில் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆறாவது வளைவில் வாய் நீர் ஊறியது. ஒன்பதாவதில் வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டேன். இட்லி இரண்டும் சேர்வராயன் மலைக்குக் காணிக்கை. அப்புறம் முன் சீட்டுக்கு மாறி, போனை உள்ளே போட்டு, ரோட்டையே பார்த்து வந்தேன். இருபதாவது வளைவு வரை ஒரு தொந்தரவும் இல்லை.

இரண்டாவது விஷயம் சீட் பெல்ட். எங்கள் காரில் இடுப்பு வலிக்கு என்று ஒரு பஞ்சு மெத்தை போட்டிருந்தோம். ஒவ்வொரு வளைவிலும் நான் மெத்தையில் அமுங்க, கீழ்ப் பட்டை மெல்ல மெல்ல ஏறி, மேலே போய்ச் சேரும்போது தொப்புள் மேல் இருந்தது.

மூன்றாவது, ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்ற இடத்தில் இறங்கி நேராகக் கழிப்பறை தேடி ஓடினேன். கிளம்பி 75 நிமிடம் ஆகியிருந்தது. இறங்கும்போது குப்பனூர் வழியாக வந்தோம், அப்போதும் மணி பார்த்தேன், அதே 75. ஆக என் கணக்கு 75 நிமிடம். அதற்கு மேல் எந்தச் சாலையும் எனக்கு ஆகாது.


ஓய்வுபெற்ற_நர்ஸ்

75 என்று கண்டுபிடித்தாய் பார், அது நல்ல வேலை. பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கி ஐந்து பத்து நிமிடம் நட என்போம். உனக்கு 75இல் இறங்க வேண்டியிருந்தால் காலுக்கும் லாபம்தான். கர்ப்பத்தில் ரத்தம் சீக்கிரம் உறையும், நீண்ட நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் கெண்டைக்காலில் கட்டி சேர வாய்ப்பு அதிகம். விமானத்தில் நடைபாதை ஓர இருக்கை கேட்டு வாங்கு. உட்கார்ந்தபடியே பாதத்தைச் சுற்று. பாத்ரூம் போக வேண்டியிருக்கும் என்று தண்ணீரைக் குறைக்காதே. எல்லாப் பெண்களும் செய்கிற தப்பு அது, பொன்னி கரைக்கு வயிறு இழுத்ததும் அதனால்தான் இருக்கும்.

பெல்ட் விஷயம். மெத்தையைத் தூக்கி எறி. முதுகு சீட்டில் ஒட்டி உட்கார். இரண்டு கையையும் இடுப்பில் வை, கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு பக்கமும் எலும்பு தட்டுப்படும். கீழ்ப் பட்டை அந்த எலும்பு மேல், வயிற்றுக்கு அடியில், தொடை மடிப்பை ஒட்டிப் போக வேண்டும். மேல் பட்டை இரண்டு மார்புக்கும் நடுவே இறங்கி, வயிற்றின் பக்கவாட்டில் போக வேண்டும். வயிற்றைக் குறுக்கே வெட்டக் கூடாது. அழுத்துகிறது என்று பெல்ட்டே போடாமல் இருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். திடீர் பிரேக்கில் அவர்கள்தான் எங்களிடம் வருவார்கள். நீ முன் சீட்டில் உட்கார்ந்தால் சீட்டை முடிந்தவரை பின்னால் தள்ளிக்கொள்.


மேற்படி_கணவன்

என் பக்கத்து வேலைகள்: சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்கு ஆர்டிஓவில் போட்டாகிவிட்டது. அரசுக் கட்டணம் 1000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். பாஸ்போர்ட், விசா விவரம், டிக்கெட் எல்லாம் கேட்டார்கள். மலேசியாவுக்கு விசா வேண்டாம் என்று விளக்க இரண்டு முறை போக வேண்டியிருந்தது. 2023 டிசம்பரிலிருந்து இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் விசா இல்லாமல் அனுமதி, 2026 கடைசி வரை நீட்டித்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு ஆசை பாக்கி. பத்துமலை முருகன். விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரம்தானே?


கிள்ளான்_அக்கா

தம்பி, அது வடக்கே. நீங்கள் போவது தெற்கே. நடுவில் கோலாலம்பூர் நெரிசல். உங்கள் மனைவியின் 75 நிமிடம் அங்கேயே கரைந்துவிடும். மேலே 272 படி, வெயிலில். கீழே நின்று சிலையைப் பார்த்துவிட்டு வரலாம் என்பீர்கள். போனவர் யாரும் கீழே நின்றதில்லை.


தட்டுவடை_செட்

பத்துமலைச் சிலை 140 அடி. நம்ம புத்திரகவுண்டன்பாளையத்து முத்துமலை முருகன் 146 அடி. 2022இல் கும்பாபிஷேகம் ஆனது. சேலத்துக்காரன் ஆறடி குட்டையான முருகனைப் பார்க்க மலேசியா போகிறேன் என்றால் ஊரில் சேர்ப்பார்களா?


மேற்படி_கணவன்

சரி, விட்டுவிட்டேன்.


ஓய்வுபெற்ற_நர்ஸ்

கொசு பற்றி யாரும் பேசவில்லை. மலேசியாவில் டெங்கு நம்மூர் போலவே உண்டு. கொசுவால் பரவும் ஜிகா வைரஸும் அங்கே 2016இல் வந்தது. கர்ப்பிணிக்கு ஜிகா வந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், அதனால் இதை டாக்டரிடம் நேராகக் கேட்டுவிட்டு முடிவெடு. உள்ளூரில் இருந்தால் தப்பிக்கலாம் என்றும் இல்லை, 2021இல் கேரளாவில் வந்தது, 2024இல் புனேயில் கர்ப்பிணிகளுக்கே வந்தது. டீட் கலந்த கொசு விரட்டி கர்ப்பத்தில் பூசலாம், லேபிளில் சொன்ன அளவில். இந்தக் கொசு பகலில் கடிக்கும், சாயங்காலம் மட்டும் பூசினால் போதாது. கணவனுக்கும் பூசு. ஜிகா உடலுறவு வழியாகவும் பரவும், திரும்பி வந்த பிறகு எப்படி இருக்க வேண்டும் என்று அதே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

சாப்பாட்டில் பச்சையாக எதுவும் வேண்டாம், அரைவேக்காட்டு முட்டையும் வேண்டாம். கடல் மீன் நன்றாக வெந்திருந்தால் சாப்பிடு. துரியான் பழம் சூடு என்று பயமுறுத்துவார்கள், சர்க்கரை அதிகம் என்பதுதான் விஷயம். ஹோட்டலில் நீச்சல் குளம் இருந்தால் இறங்கு, முதுகுக்கு நல்லது. கொதிக்கிற தொட்டியில் மட்டும் உட்காராதே.

ரத்தக்கசிவு, நீர் வடிவது, தலைவலியோடு கண் மங்குவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல், விட்டு விட்டு வயிறு இறுகுவது. இதில் ஒன்று வந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று படுக்காதே.


கொலுசுக்காரி

முடிவு: பிப்ரவரி 24 காலை விமானம், 28 மத்தியானம் திரும்புகிறோம். போர்ட்டிக்சன் இரண்டு, மலாக்கா இரண்டு. விமான கம்பெனியில் கேட்டேன், 22 வாரத்துக்கு டாக்டர் சான்று கட்டாயமில்லை என்றார்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு, சிலர் 28 வாரத்திலிருந்து கேட்கிறார்கள், சிலர் 32. இருந்தாலும் வாரக் கணக்கு எழுதி ஒரு கடிதம் வாங்கி வைத்திருக்கிறேன், வயிறு பார்க்க 28 மாதிரிதான் இருக்கிறது.

கர்ப்பகாலச் சிக்கலுக்கும் தருகிற பாலிசி ஒன்று கிடைத்தது, எந்த வாரம் வரை என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கிவிட்டேன். ஃபைலில் ஸ்கேன் அறிக்கை, ரத்த வகை, மாத்திரைச் சீட்டு. மாத்திரைகள் அட்டையோடு கைப்பையில், பெரிய பெட்டியில் இல்லை.


கிள்ளான்_அக்கா

மின்னணு வருகை அட்டை என்று ஒன்று இருக்கிறது. வருவதற்கு முன் மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அரசு தளத்தில் இலவசம். காசு கேட்டால் அது போலித் தளம்.


குப்பனூர்_ஓட்டுநர்

திருச்சிக்கு நான் கொண்டுபோய் விடுகிறேன் மா. நாமக்கல், முசிறி. இரண்டு நிறுத்தமும் நான் பார்த்து வைத்திருக்கிற இடம்.


கொலுசுக்காரி

வந்துவிட்டோம். நேற்று ராத்திரி. கால் லேசாக வீங்கியிருக்கிறது, படுத்ததும் இறங்கிவிட்டது.

கெட்டதை முதலில் சொல்கிறேன். கார் வாடகைக் கவுன்டரில் ஒன்றரை மணி நேரம் நிற்க வைத்தார்கள். முன்பதிவு இருக்கிறது, கார் இல்லை. நான் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் கேட்டதைவிடப் பெரிய கார் தந்தார்கள், ஆனால் அந்த ஒன்றரை மணி நேரம் நான் போட்ட எந்தக் கணக்கிலும் இல்லை. இனிப் போகிறவர்கள் கார் எடுக்க ஆளை அனுப்பிவிட்டு நீங்கள் போய் எதையாவது சாப்பிடுங்கள்.

போர்ட்டிக்சனில் மூன்றாம் மாடி அறை, லிஃப்ட் வேலை செய்யவில்லை. கேட்டதும் தரைத்தளத்தில் மாற்றிக் கொடுத்தார்கள். கடல் தெரியவில்லை, ஆனால் கதவைத் திறந்தால் பத்தடியில் மணல். அலையே இல்லாத கடல், ஏரி போல அசையாமல் கிடந்தது. ஒரு நாள் காலையில் பெரிய பெரிய பறவைகள் கடல் பக்கமிருந்து உயரமாக வந்துகொண்டே இருந்தன. சுமத்ராவிலிருந்து ஜலசந்தியைத் தாண்டி வடக்கே திரும்பும் தேன்பருந்துகளாம், ஒவ்வொரு வருடமும் இந்தக் காலத்தில்தான் வருமாம். கலங்கரை விளக்கம் இருக்கிற குன்றில் ஏறினால் இன்னும் நன்றாகத் தெரியும் என்றார்கள். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் கால் நீட்டிப் படுத்துப் பார்த்தேன். மத்தியானம் இரண்டு நாளும் மூன்று மணி நேரம் தூங்கினேன். வேறொன்றும் செய்யவில்லை.

மலாக்கா போகும் வழியில் 75க்கு முன்னாலேயே நின்றோம், 60இல். இளநீர். அதற்கு நான் பொறுப்பில்லை.

மலாக்காவில் எனக்கு மறக்காதது செட்டிகள். அக்கா முன்பே சொல்லியிருக்கக் கூடாதா? 15ஆம் நூற்றாண்டில் வியாபாரத்துக்கு வந்த தமிழர்கள், அங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்டவர்கள். வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது நம்ம சாமி. அவர்கள் கட்டிய பொய்யாத விநாயகர் மூர்த்தி கோவில் 1781இல் எழுந்தது, ஊர் நடுவே ஒரு தெருவில். பக்கத்திலேயே மசூதி, சீனக் கோவில். அந்தத் தெருவுக்கு மலாயில் தட்டார் தெரு என்று பெயராம். தட்டார் தெரு! கொலுசுக்காரி நான் அங்கேயே நின்றுவிட்டேன். வீட்டுக்காரர் பட்டறை வைக்க இடம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

ஜோங்கர் தெரு இரவுச் சந்தைக்கு வெள்ளிக்கிழமை போனோம். இருபது நிமிடம். கூட்டத்தில் வயிற்றுக்கு முன்னால் கையை வைத்துக்கொண்டே நடக்க வேண்டியிருந்தது, திரும்பிவிட்டேன். அவர் மட்டும் போய் எனக்கு வெந்த சோளம் வாங்கி வந்தார்.

திரும்பும் நாள் நெடுஞ்சாலையில் ஆர் அண்ட் ஆர் ஒன்றில் தரை ஈரம், பல் வைத்த செருப்பு காப்பாற்றியது. எனக்கு முன்னால் போன ஒரு அம்மா வழுக்கிச் சுவரைப் பிடித்தார். கிள்ளான் அக்காவுக்கு ஒரு ஜோடி கொலுசு என் கணக்கில் இருக்கிறது.

குழந்தை முதலில் அசைந்தது கடற்கரையிலா என்று யாரும் கேட்காதீர்கள். அது போவதற்கு முந்தின வாரமே, வீட்டில், மிக்ஸி போட்டபோது.


ஓய்வுபெற்ற_நர்ஸ்

கொசு கடித்ததா?


கொலுசுக்காரி

மூன்று. எல்லாம் அவருக்கு. கவனித்துக்கொண்டிருக்கிறோம், டாக்டரம்மாவிடமும் சொல்லியாகிவிட்டது.


புதிய_உறுப்பினர்

அக்கா எனக்கு 33 வாரம், இதே ஊருக்கு இதே மாதிரி போகலாமா?


ஓய்வுபெற்ற_நர்ஸ்

வேண்டாம் கண்ணு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போ.


கொலுசுக்காரி

அடுத்த மாதம் ஏழாம் மாத வளைகாப்பு. அதற்கு முன் மாமியார் ஒரு வேண்டுதலை வெளியே எடுத்திருக்கிறார். நான் கடல் தாண்டிப் பத்திரமாகத் திரும்பினால் முத்துமலை முருகனுக்கு அபிஷேகம் என்று நாங்கள் விமானம் ஏறிய அன்றே நேர்ந்துகொண்டாராம். வருகிற ஞாயிறு கிளம்புகிறோம். ஆத்தூர் ரோட்டில் சுத்தமான கழிப்பறை எங்கே?


குப்பனூர்_ஓட்டுநர்

வாழப்பாடிக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்க். சாவி கேஷியரிடம் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.